வினிகர் படாத கறி

என் அண்ணி வெர்லீன் அமெரிக்காவில் வட கரோலினாவின் மேற்குப் பக்கத்துக்காரி. நாங்கள் கிழக்கு. ஒரே மாநிலம்தான், ஒரே சபைதான், பாடுகிற பாட்டுகள்கூட ஒன்றுதான். பன்றி சுடும் விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. அவர்கள் தோள்பட்டையை மட்டும் சுடுவார்கள், சாஸில் தக்காளி கெச்சப் கலப்பார்கள். நாங்கள் முழுப் பன்றியைச் சுடுவோம். கறியைப் பிய்த்துப் போட்டு, வினிகர், காய்ந்த மிளகாய், உப்பு தவிர வேறெதையும் அதன் பக்கத்தில் காட்டமாட்டோம்.

அண்ணி கல்யாணமாகி வந்த வாரமே எங்கள் பன்றிச் சுடுகுழியில் வேலை செய்தவர்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தக்காளி. வைத்தவன் லெமுவல், எங்கள் சித்தப்பா மகன்.

"ஏன் அண்ணி, உங்க ஊர்ல காபியிலயும் கெச்சப் ஊத்திக் குடிப்பாங்களாமே?"

"இல்ல லெமுவல். வாய் ஓயாம பேசுறவங்க தலையிலதான் ஊத்துவோம். உனக்கு வேணுமா?"

அப்போது அவளுக்குச் சின்ன வயது. சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அதே கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டிருந்தது. அவளும் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சுடுகுழி என் அண்ணன் ஆல்டனுடையது. நெடுஞ்சாலை ஓரம், புகையிலை வயலை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. உள்ளே செங்கல் கட்டிய குழி, மேலே கம்பி வலை, வலையின் மேல் இரண்டாகப் பிளந்த பன்றி. வெள்ளியும் சனியும்தான் விற்பனை. அண்ணன் குழியைப் பார்ப்பான், லெமுவல் கறி பிய்த்துக் கொத்துவான், நான் பின்பக்க மேடையில் முட்டைக்கோஸ் நறுக்குவேன். பின்பக்க மேடையிலிருந்து எல்லாம் தெரியும், யார் கண்ணிலும் படவேண்டியதில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

கறி வெந்ததும் நடப்பது ஒன்று உண்டு. அண்ணன் தோலை உரித்து மடக்குவான். லெமுவல் கொழுப்பும் கறியும் சேர அந்த வலையின் மேலேயே பிய்த்துக் குவிப்பான். குவியல் ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும்போதே வினிகர் சாற்றை முழுவதும் ஊற்றிப் புரட்டிவிடுவார்கள். அதுவரை ஒருவரும் கையை நீட்டக் கூடாது. போதகர் வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். வினிகர் படாத கறி எங்கள் பக்கத்தில் கறியே இல்லை. குளிப்பாட்டாத குழந்தையைச் சபைக்குத் தூக்கிப் போவது மாதிரி என்பான் அண்ணன்.

சனிக்கிழமை விற்றது போக மிஞ்சுவது அலுமினியத் தட்டில் வீட்டுக்கு வரும். அதை என்ன செய்வது என்பது அண்ணியின் பாடு.

வந்த புதிதில் அண்ணி அதைப் பீன்ஸோடு போட்டாள். ஊறவைத்த வெள்ளை பீன்ஸ், மேலே மிஞ்சிய கறி, தண்ணீர், வெங்காயம். மதியம் அடுப்பில் ஏற்றியது பொழுது சாய்ந்தும் வேகவில்லை. பீன்ஸ் கூழாங்கல் மாதிரியே கிடந்தது. அவள் ஊரில் இதே சூப்பை நூறு தடவை செய்திருக்கிறாள், அங்கே கறியில் இவ்வளவு புளிப்பு கிடையாது. வினிகர் பட்டால் பீன்ஸின் தோல் இறுகிப்போகும் என்று அவளுக்குச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. எங்கள் அம்மா மிச்சத்தை ரொட்டியில் வைத்துத் தருவாள், அவ்வளவுதான். அண்ணி அன்று முதலில் அழுதாள். பிறகு ஒரு பீன்ஸை எடுத்துச் சன்னல் வழியாக எறிந்து, அது தகரத்தில் பட்டு டணார் என்று கேட்டதும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்.

பிறகு அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். பீன்ஸை வெறும் தண்ணீரில் வெங்காயத்தோடு தனியாக வேகவைப்பாள். விரலிடுக்கில் வைத்தால் மசிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கறி. கறியை ஒருபோதும் கொதிக்கவிடமாட்டாள். அது ஏற்கெனவே ஒரு முழு இரவு நெருப்பில் கிடந்தது, இன்னும் என்ன வதைக்கிறது என்பாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கறியைப் போட்டு மூடிவைப்பாள். காலர்ட் கீரை இருந்தால் கீரை, இல்லையென்றால் உருளைக்கிழங்கு. கிழங்கு புளிப்பைக் குடித்துக்கொள்ளும். கோடையில் சோளத்தைக் கதிரிலிருந்து சீவிப் போடுவாள். தோள்பட்டை எலும்பு கிடைத்துவிட்டால் அவளுக்குத் திருவிழா. அந்த எலும்பு வெந்த தண்ணீரில் வீடு முழுக்கப் புகை மணக்கும்.

அண்ணன் அந்த சூப்பைத் தொட்டதில்லை.

"மிச்சத்தைத் தண்ணில போட்டுக் கெடுக்குறதுக்கா நான் ராத்திரி பூரா முழிச்சிருக்கேன்?"

"நீ குடிக்க வேண்டாம் ஆல்டன். உன் தங்கச்சி குடிப்பா, நான் குடிப்பேன். பக்கத்து வீட்டு மிஸ் ஓரா குடிப்பாங்க. நீ போய்க் குழிகிட்ட நின்னு விரலை நக்கு."

அவன் அப்படித்தான் சாப்பிடுவான். குழியருகில் நின்றபடி, கன்னத்துக் கறியை விரலால் கிள்ளி, வினிகர் சொட்டச் சொட்ட. மேசையில் உட்கார்ந்து அவன் பன்றிக்கறி தின்று நான் பார்த்ததில்லை.

பிறகு அவன் தொண்டையில் கட்டி வந்தது.

அதை மருந்தால் அல்ல, கதிர்வீச்சால் எரித்தார்கள். வாரத்தில் ஐந்து நாளும் அண்ணி காரை ஓட்டிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கட்டி சுருங்கியது. ஆனால் வாயின் உள்பக்கம் முழுவதும் வெந்துபோனது. எச்சில் வற்றியது. நாக்கு சிவந்து தோலுரிந்தது. ஆரஞ்சுச் சாறு ஒரு சொட்டு பட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான், சத்தம் வரவில்லை. அதுவரை நாங்கள் யாரும் வினிகரைப் பற்றி யோசிக்கவில்லை. அவன் யோசித்திருந்தான்.

"வெர்லீன். யார்கிட்டயும் சொல்லாத."

"எதை?"

"வினிகர் தாங்கலங்கிறதை."

"அதுல என்ன இருக்கு ஆல்டன்? நோவு வந்தா யாருக்கும்..."

"லெமுவலுக்குத் தெரியக் கூடாது. ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. எங்கப்பா போட்ட குழி அது. அதுல நிக்கிறவன் அந்தக் கறியைத் தின்ன முடியாதுன்னா அப்புறம் அவன் யாரு? சத்தியம் பண்ணு."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தியம் செய்தாள். என்னிடம் அவன் கேட்கவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்கிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டே வந்தான். டப்பாவில் விற்கிற சத்துப் பாலை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைப்பான். முட்டை மணல் மாதிரி இருக்கிறது என்றான். கஞ்சி பசை மாதிரி இருக்கிறது என்றான். இடுப்புவாரில் கால்சட்டை நிற்காமல் கயிறு கட்டினான். ஆஸ்பத்திரியில் டாக்டர், இளம்பெண், மெதுவாகப் பேசுகிறவள், எடை பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னாள்: "இனிமேயும் இறங்கிச்சின்னா வயித்துல துளை போட்டுக் குழாய் வைக்கணும், மேடம். அது வழியாத்தான் ஊட்டணும்."

அண்ணனும் அதைக் கேட்டான். கார் வீட்டு வாசலில் நின்றதும் இறங்காமல் இருந்தான்.

"குழாய் வேண்டாம் வெர்லீன். அதுக்கு நான் போயிடுறேன்."

"எங்க போவ? கயிறு கட்டுன கால்சட்டையோட எங்க போவ? இறங்கு."

உள்ளே வந்ததும் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் வெளியே நின்று தண்ணீர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த மிச்சக் கறியை அவள் சல்லடையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. முகர்ந்து பார்த்தாள். வினிகர் போயிருந்தது, புகையும் அதோடு போயிருந்தது. நனைந்த பஞ்சு மாதிரி இருந்ததை அரைத்து சூப்பாக்கிக் கொடுத்தாள். அண்ணன் ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கலாமா துப்பலாமா என்று யோசித்தான்.

"இது என்ன?"

"பன்றி."

"எந்த ஊர்ப் பன்றி?"

அடுத்து, கழுவாத கறியைப் பாலில் போட்டால் புளிப்பு அடங்குமென்று பார்த்தாள். பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. பானையோடு கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டினாள். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி என்னிடம் சொன்னாள்:

"வினிகர் படறதுக்கு முன்னாடி எடுக்கணும். வேற வழியில்ல."

"லெமுவல் தரமாட்டான் அண்ணி. ஏன்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

மறுவாரம் அண்ணி கொட்டகைக்கு மூடியோடு ஒரு வாளி கொண்டுவந்தாள். லெமுவல் அப்போதுதான் தோலை மடக்கியிருந்தான். அண்ணன் படுத்தபின் குழி அவன் பொறுப்பு. வினிகர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு நின்றான். வாசலில் வரிசை நின்றது. எல்லாரும் தெரிந்தவர்கள்.

"லெமுவல், ஊத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்துக் குடு. தோள்பட்டைல, எலும்போட."

"முன்னாடியா?"

"ஆமா."

"எதுக்கு அண்ணி?"

அண்ணி வாளியின் மூடியைத் திறந்தாள். லெமுவல் அவள் முகத்தைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். பிறகு அவன் வாய் மெல்ல விரிந்தது.

"அடப்பாவமே! இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தீங்களா? அண்ணன் படுத்ததும் கெச்சப் பாட்டிலைத் தூக்கிட்டீங்களா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. முட்டைக்கோஸில் கத்தியை வைத்தபடி நான் நின்றேன். அண்ணியின் கழுத்து சிவந்தது. ஏதாவது திருப்பிக் கொடுப்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஆமா," என்றாள் அண்ணி. "கெச்சப்தான். எங்க ஊர் ருசிக்கு ஏங்கிப்போச்சு."

லெமுவலுக்கு அது பிடிக்கவில்லை. அவன் எதிர்பார்த்தது சண்டையை. முகம் சுருங்கி, வாளியை வாங்கி, ஒரு பிடி கறியும் எலும்பும் போட்டு நீட்டினான்.

"எங்கண்ணன் கண்ணுல படாம தின்னுங்க."

அன்று அண்ணி அந்த எலும்பை வெறும் தண்ணீரில் போட்டு, கொதிக்காமல் சிறு தீயில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் விளைகிற சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்தாள். கறியிலிருந்து நாரையும் கரிந்த ஓரத்தையும் எடுத்துவிட்டு, மீதியைத் தூளாகக் கொத்தினாள். மூன்றையும் சேர்த்து ஒரு கரண்டி வெண்ணெய் விட்டாள். மிளகு போடவில்லை, உப்பு பெயருக்குத்தான். கிண்ணத்தில் ஊற்றி, ஆறும்வரை சன்னல் மேடையில் வைத்தாள்.

அண்ணன் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கிண்ணம் பக்கத்தில் வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு மூக்கு அசைந்தது. கரண்டியை வாங்கினான். ஒரு வாய் வைத்தான். நாங்கள் இருவரும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றோம். இரண்டாவது வாய். தொண்டை ஏறி இறங்கியது. மூன்றாவதற்குப் பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் சாய்த்துவைத்தான்.

"லெமுவல் ஈர விறகு போட்டிருக்கான்," என்றான்.

அண்ணி நாற்காலியின் பின்னால் போய் நின்றுகொண்டாள், அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில்.

"அப்படியா?"

"ஓக் கட்டை காயல. புகை கசக்குது. அவனுக்கு எத்தனை தடவை சொன்னேன்."

கிண்ணம் பாதி காலியானது.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அண்ணி வாளியோடு போனாள். வாரம் முழுக்க அந்த ஒரு வாளிக் கறியை நீட்டினாள். ஒருநாள் அரிசியைக் குழைய வேகவைத்து, எலும்புத் தண்ணீரில் கரைத்து, கறியைத் தூவினாள். ஒருநாள் பிஞ்சுச் சோளத்தைப் பாலில் வேகவைத்து வடிகட்டினாள். வெள்ளை பீன்ஸையும் செய்தாள், தோலையெல்லாம் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டுவிட்டு. நானும் உட்கார்ந்து உரித்தேன். மேசையில் இருவருக்கும் நடுவே தோல் மலைபோலக் குவிந்தது. பேச ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது.

வெளியே பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. தேவாலயத்தில் பெண்கள் அண்ணியைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். "சிஸ்டர் வெர்லீன், கெச்சப்புக்கு ஆல்டன் சம்மதிச்சாரா?" என்று ஒருத்தி கேட்டாள். கொட்டகையில் யாரோ பெரிய கெச்சப் டப்பாவுக்கு ரிப்பன் கட்டி அவள் கார் மேல் வைத்திருந்தார்கள். அண்ணி அதை எடுத்து நன்றி சொல்லிப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதை அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பின்னால், அண்ணன் கண்ணில் படாத இடத்தில் மறைத்தாள்.

"சொல்லிடலாமே அண்ணி," என்றேன். "லெமுவல்கிட்ட மட்டுமாவது."

"ஆல்டன்கிட்ட இப்ப இருக்கிறது அது ஒண்ணுதான். உடம்பு போச்சு, குரல் போச்சு, குழி போச்சு. அவன் பேரு மட்டும்தான் மிச்சம். என் பேரு தக்காளிதானே, அதுக்கு என்ன ஆயிடப்போகுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு, பீன்ஸ் தோலைத் துணியால் கூட்டினாள்.

லெமுவல் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அண்ணன் தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் சொல்லச் சொன்னது அது. ஒரு ஞாயிறு, சபை முடிந்ததும், அவன் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வந்துவிட்டான். சபைக்குப் போட்ட கோட்டு, கழுத்தில் டை. கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் மிளகாய் மிதக்கிற வினிகர்.

அண்ணன் மடியில் கிண்ணம் இருந்தது.

"அண்ணே," என்றான் லெமுவல். அண்ணன் அவ்வளவு மெலிந்திருப்பான் என்று அவன் நினைக்கவில்லை.  பிறகு உரக்கப் பேச ஆரம்பித்தான். பயந்தால் அவன் உரக்கப் பேசுவான்.

"பார்றா, ராஜா மாதிரி உக்காந்திருக்கான்! பெரியப்பா கலக்குன மாதிரியே கலக்கிக் கொண்டாந்திருக்கேன். இந்தப் பொம்பளை போடுற தக்காளித் தண்ணியிலேந்து உன்னைக் காப்பாத்தலாம்னு வந்தேன்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். "தக்காளியா?"

"ஊரே சிரிக்குதுல்ல! வாரா வாரம் வாளியைத் தூக்கிட்டு வந்து, ஊத்தறதுக்கு முன்னாடி குடு, ஊத்தறதுக்கு முன்னாடி குடுன்னு... கேட்டா கெச்சப் போடணுமாம், அவங்க ஊர் ருசிக்கு ஏங்குதாம். அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்க."

பேசிக்கொண்டே புட்டியின் மூடியைத் திருகினான். கிட்டே வந்து கிண்ணத்தின் மேல் சாய்த்தான். அன்பில் செய்ததுதான் அது, எனக்குத் தெரியும்.

அண்ணி உள்ளங்கையை விரித்துக் கிண்ணத்தை மூடினாள். வினிகர் அவள் புறங்கையில் விழுந்து, விரல் வழியாக, மணிக்கட்டு வழியாக ஓடி தரையில் சொட்டியது. பீன்ஸ் உரித்து உரித்து நகக்கண் எல்லாம் வெடித்திருந்த கை. அவள் எடுக்கவில்லை.

"கையை எடுங்க அண்ணி."

"மாட்டேன்."

"அவனுக்கு அவனோட கறியைக்கூடத் தின்ன விடமாட்டீங்களா?"

"என் வீடு, என் சூப்பு. நான் எப்படிக் குடுக்கணும்னு நினைக்கிறேனோ அப்படித்தான் குடுப்பேன். நீ அதை ஓரமா வை லெமுவல்."

"இவ்வளவு பிடிவாதமா ஒரு பொம்பளைக்கு! சாகக் கிடக்கிறவன்கிட்டப் போயி..."

"டேய்," என்றான் அண்ணன்.

அவன் குரல் கதவு உரசுவதுபோல வந்தது. லெமுவல் நிறுத்தினான்.

"நான்தான் வேண்டாம்னேன். வாய் வெந்துபோச்சு. வினிகர் பட்டா..." அவன் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினான். "தாங்க முடியல. ஒரு சொட்டு கூட. இவளை யார்கிட்டயும் சொல்லாதன்னேன். சத்தியம் வாங்கினேன்."

 வினிகர் வாசம் அறை முழுக்க நின்றது.

"இவ அதுல தக்காளி போடல, லெமுவல். ஒரு நாள்கூடப் போடல. அதுவும் என் வாய்க்கு ஆகாது. ஊர் சிரிச்சுதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்." அண்ணியின் பக்கம் திரும்பினான். "நீ ஏன் சொல்லல?"

"சத்தியம் பண்ணினேன்ல."

"உனக்கு நாக்கு இல்லையா? வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே. நாய்க்குன்னு சொல்லியிருக்கலாமே."

"உன் கறியை நாய்க்குன்னு நான் சொல்லுவேனா, ஆல்டன்?"

அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். தன் சட்டை முனையால் அவள் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். வினிகர் அவன் சட்டையில் ஊறியது. நான் சமையலறைக்குப் போய்த் தரை துடைக்கத் துணி எடுத்துவந்தேன். லெமுவல் அதை என் கையிலிருந்து வாங்கி, சபைக்கான கால்சட்டையோடு முட்டிபோட்டு, அவனே துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். அங்கே அவ்வளவு ஈரம் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே," என்றான் தரையைப் பார்த்தபடி.

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?"

"அழுதிருப்பேன்."

"அதான் சொல்லல. விறகைக் காயவை முதல்ல."

"என்னது?"

"ஈர ஓக் போடுறியே. சூப்புலயே தெரியுது."

லெமுவல் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அண்ணி தோளைக் குலுக்கினாள். "நானா சொன்னேன்? அவரு நாக்குதான் சொல்லுது."

"மழை பெஞ்சுது அண்ணே, கட்டைமேல தார்ப்பாய் போட மறந்துட்டேன்," என்றான் லெமுவல். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் முகம் சிரித்தது. வினிகர்ப் புட்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அண்ணி அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். நின்றபடி குடிக்க ஆரம்பித்தவன் நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் ஓக் கட்டையைப் பற்றி, எந்தப் பண்ணைப் பன்றிக்குக் கொழுப்பு அதிகம் என்பதைப் பற்றி, எப்போதோ கூரையில் தீப்பிடித்ததைப் பற்றிப் பேசினார்கள். லெமுவல்தான் பேசினான். அண்ணன் நடுநடுவே தலையை ஆட்டி, "பொய்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அண்ணி வருவதற்கு முன்பே வாளி நிரம்பியிருந்தது. தோலை மடக்கியதும், வினிகர்க் குடுவையைத் தொடுவதற்கு முன், லெமுவல் கன்னத்துக் கறியைக் கிள்ளி எடுத்து வாளியில் போட்டான். பிறகு தோள்பட்டை, பிறகு எலும்பு. வரிசையில் முன்னால் நின்ற கிழவர் கேட்டார்:

"என்னப்பா, தக்காளிக்காரம்மாவுக்கா?"

"எனக்குத்தான்," என்றான் லெமுவல். "நான் கெச்சப் ஊத்தித் தின்னப்போறேன். ஏன், உங்களுக்கும் வேணுமா? ரொம்பத்தான் பல்லைக் காட்டுறீங்க."

 லெமுவல் குடுவையைத் தூக்கிக் குவியல் முழுவதும் ஊற்றினான். ஆவி எழுந்து எல்லார் கண்ணிலும் நீர் வந்தது. பின்பக்க மேடையில் எனக்கும் வந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் எடை அந்த மாதம் இறங்கவில்லை. ஏறவும் இல்லை, நின்றது. குழாய்ப் பேச்சை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்றாள் அந்த டாக்டர் பெண். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். மிச்சம் மீதியை வைத்து சூப் என்றாள் அண்ணி. 

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் கண்ணாடியில் தலை சாய்த்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தோம். எங்கள் சாலைக்குத் திரும்பும்போது கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"வெர்லீன், நாளைக்கு என்ன?"

"என்ன வேணும்?"

"அந்தச் சோளம் போட்டது."

"சோளம் தீந்துபோச்சு."

"அப்ப அரிசி."

"அரிசி நேத்துதானே குடிச்ச."

"நேத்து குடிச்சா நாளைக்குக் குடிக்கக் கூடாதா?"

அண்ணி வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினாள்.